எழுபத்திரண்டு படி வீடு

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் நிற்கும் மர்ஸூக் ஹாஜியாரின் நாலு மாடிக் கட்டிடத்தின் எழுபத்திரண்டு படிகள் மீதும், கீழ்ப்படியில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சத்தியம். அது போதாதென்பவர்களுக்கு இறங்கும்போது இன்னொருமுறை.

அடியில் ஹாஜியாரின் புடைவைக் கடை. முதலாம் மாடியில் ஒரு தையல் கடை. இரண்டாம் மாடியில், வெளிநாடு போகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு றோஸி மிஸ் டைப்பிங் படிப்பித்தார். மூன்றாம் மாடியில் ஹாஜியாரின் விலைபோகாத திரைச்சீலைகள் இருந்தன. நாலாம் மாடியில், கூரைக்கு நேர் கீழே, இரத்தினசிங்கத்தின் ஒலிப்பதிவுக் கடை, 'நாதமணி றெக்கோடிங் பார்'.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. வடக்கில் சண்டை. கொழும்பில் சந்திக்குச் சந்தி அடையாள அட்டை காட்ட வேண்டியிருந்தது. இரத்தினசிங்கம் அதிலும் ஒரு வசதி கண்டார். செக்பொயின்றில் கையைத் தூக்கச் சொன்னால், தூக்கிய கைகளை ஒருமுறை தட்டி, ஓசை திரும்பி வருவதைக் கேட்டு, அந்தத் தெரு எத்தனை அடி அகலம் என்று மனதில் குறித்துக்கொள்வார். மாநகரசபை வரைபடம் இரண்டு இடத்தில் பிழை என்று அப்படித்தான் அவருக்குத் தெரிய வந்தது.

பாட்டைக் கலப்பதென்றால் ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைப்பது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். இரத்தினசிங்கத்துக்கு அது ஆட்களைக் குடியிருத்துகிற வேலை. பாடுகிறவர் வாசற்படியில் நிற்க வேண்டும், வயலின் ஹோலில் இருக்க வேண்டும், மிருதங்கம் பின் விறாந்தையில். எல்லோரும் ஒரே பாயில் நெருக்கிக்கொண்டிருந்தால் அது பாட்டல்ல, பஸ். கொள்ளுப்பிட்டியில் வெளிநாட்டு மெஷின் வைத்திருந்தவர்கள் இந்த வித்தையை 'ரிவேர்ப்' என்றார்கள். பாட வந்தவர்கள் 'எக்கோ' என்றார்கள். இரத்தினசிங்கம் 'இடம்' என்றார். "எவ்வளவு இடம் விடட்டும்?" என்று தையற்காரர் தையலுக்குத் துணி விடுவதுபோலக் கேட்பார்.

அவரிடம் மெஷின் இல்லை. படிக்கட்டு இருந்தது. கீழ்ப்படியில் ஒரு ஸ்பீக்கர். அதற்குள் பாட்டை அனுப்பி, அது சுவர்களில் மோதி மோதி ஏறி வருவதை மேலிருந்து கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மைக்கில் பிடிப்பார். பிடித்ததை மூலக் குரலோடு அளவாகச் சேர்ப்பார். மைக்கைக் கிணற்று வாளி மாதிரி ஏற்றி இறக்கலாம். முதலாம் மாடியில் நிறுத்தினால் குளியலறை. இரண்டில் வீட்டு ஹோல். மூன்றில் கலியாண மண்டபம். நாலில் தேவாலயம்.

தவறே நடந்ததில்லை என்று சொல்ல முடியாது. கொட்டாஞ்சேனைக் கோயிலொன்றின் திருவிழாக் கசெற்றுக்கு அவர் விட்ட இடம் சற்றுக் கூடிவிட்டது. A பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிவதற்குள் கசெற் முடிந்துவிட, மிச்ச எதிரொலி B பக்கத்தின் தொடக்கத்தில் கேட்டது. இன்னொருமுறை ஒரு மிருதங்கக்காரரை மிகவும் பின்னால் வைத்துவிட்டார். ஒரு கிழமைவரை அந்த மனிதர் பக்கத்தில் நின்று கதைத்தாலும் அடுத்த ஊர் தெஹிவளையில் நிற்பதுபோல இருந்ததாம். இவை சின்ன விஷயங்கள். தொழிலில் இரத்தினசிங்கத்துக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை, ஆவணி மாதம் றஞ்சிதம் படியேறி வரும்வரை.

றஞ்சிதத்துக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, மகள் அருந்ததியோடு பக்கத்து ஒழுங்கை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தவர். படியேறிய களைப்பில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், பின்னால் அருந்ததி.

"தம்பி, எனக்கு வீடொண்டு வேணும்."

"இது றெக்கோடிங் பார் அக்கா. புரோக்கர் ஹாஜியார் கடைக்கு முன்னாலை நிப்பார்."

"தெரியும். எனக்குக் கசெற்றுக்குள்ளைதான் வேணும்."

இரத்தினசிங்கம் கதிரையை இழுத்துப் போட்டார். முப்பது வருடத்தில் அவரிடம் ஒருவரும் சரியான கேள்வியோடு வந்ததில்லை.

விஷயம் இதுதான். றஞ்சிதத்தின் மகன் குகதாசன் ரொறன்ரோவில் இஞ்சினியரிங் படித்துக்கொண்டு, பகலில் கோப்பை கழுவினான். மாதம் ஒரு கசெற் அவன் பேசி அனுப்புவான். மாதம் ஒரு கசெற் தாய் பேசி, போகிற ஆள் யாரிடமாவது கொடுத்துவிடுவார். தாங்கள் விசாலமான வீடெடுத்துச் சுகமாக இருப்பதாக முதல் கசெற்றிலேயே சொல்லிவிட்டார். மூன்று வருடமாக அந்த வீட்டைக் காப்பாற்றியும் வந்தார். இப்போது வந்திருந்த கசெற்றை அருந்ததி எடுத்துப் போட்டாள்.

"அம்மா," என்றது குகதாசனின் குரல், "நீங்கள் கதைக்கிறது அலுமாரிக்குள்ளை இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்குது. ஹோல் எண்டு சொல்லுறியள், ஹோலிலை கதைச்சா இப்பிடிக் கேக்காது. லொட்ஜிலைதான் நெருக்குப்படுறியள் எண்டு நினைக்கிறன். அப்பிடியெண்டால் நான் இந்தக் கார்த்திகைச் சோதினை எடுக்கேல்லை. இரவு வேலையும் எடுத்து உங்களுக்கு வீடு பிடிச்சுத் தாறன். எனக்கென்ன குறை, நான் இஞ்சை தனி அறையிலை, ஏரியைப் பாத்த ஜன்னலோடை இருக்கிறன்."

இரத்தினசிங்கம் கண்ணை மூடிக் கேட்டார். நிலத்திலிருந்து ஆறடிக்கு ஒரு விரல் கூடிய உயரத்தில் கூரை. இடப்பக்கம் சுடுதண்ணீர்ப் பொயிலர். பின்னால் மூன்று பேர் நித்திரை. ஜன்னல் என்று ஒன்றும் அந்தச் சத்தத்தில் இல்லை. அவர் கண்ணைத் திறந்தார், அந்த ஜன்னலைத் தாயிடமே விட்டுவைத்தார்.

"கடைசிச் சோதினை தம்பி," என்றார் றஞ்சிதம். "இதை விட்டானெண்டால் பிறகு எடுக்கமாட்டான். அவன்ரை தேப்பனும் இப்பிடித்தான், விட்டதைத் திரும்பித் தொடான்."

"உங்கடை அறை எப்பிடி அக்கா?"

"பத்துக்குப் பத்து. ரெண்டு கட்டில், நாலு சூட்கேஸ். கொடியிலை சீலையள்."

"சீலை சத்தத்தைக் குடிச்சுப்போடும். மெத்தை மிச்சத்தைக் குடிக்கும். பிள்ளை கெட்டிக்காரன், சரியாத்தான் கேட்டிருக்கிறான்." ஒரு பென்சிலை எடுத்தார். "சரி, சொல்லுங்கோ. எத்தினை அறை?"

றஞ்சிதம் மகளைப் பார்த்தார். "ஒரு ஹோல். பின்னுக்குக் குசினி. நடுவிலை ஒரு கொரிடோர். முத்தத்திலை மாமரமொண்டும்..."

"மாமரம் சத்தம் போடாது அக்கா."

"அப்ப ஒரு மேல்மாடி?"

"அம்மா, ஆசைக்கும் அளவிருக்கு," என்றாள் அருந்ததி. "கொஞ்சம் விட்டா நீச்சல் தடாகம் கேப்பா, தம்பி குகன் நாங்கள் தண்ணியிலை தாண்டுபோனம் எண்டு ஓடிவரப்போறான்."

மாடி வீடு என்றே முடிவாயிற்று. எப்படியும் கடற்கரை ரயிலின் சத்தம் மைக்குக்குள் வந்து விழும், மாடி என்றால் அதற்கும் ஒரு நியாயம் இருக்கும். ரயில் கடந்த நேரத்தில் பதிந்த பாட்டுகளை இரத்தினசிங்கம் ரயிலோடுதான் விற்றார். கலியாண வீட்டு நாயனக்காரர்கள் அதைக் கேட்டுப் பழகி, அந்த இடத்தில் தாங்களும் ரயில் வாசித்தார்கள்.

முதல் முயற்சி பிழையாகிப் போனது. முட்டைத் தட்டுகள் ஒட்டிய ஒலிப்பதிவு அறையில் றஞ்சிதத்தை இருத்தி, குரலைப் படிக்கட்டுக்கு அனுப்பி, இரண்டாம் மாடி மைக்கில் பிடித்து அள்ளிச் சேர்த்தார். போட்டுக் கேட்டார்கள்.

"கோட்டை ஸ்ரேசனிலை ரயில் பிந்துதெண்டு சொல்லுற மாதிரி இருக்கு," என்றாள் அருந்ததி.

உண்மைதான். வீடு பெரிதாகியிருந்தது, ஆனால் அம்மாவும் அதோடு தூரமாகிவிட்டார். பெரிய வீட்டின் கடைசி அறையில் தாயை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பையன் நினைக்கக் கூடும். இரத்தினசிங்கம் மூக்குத் தூள் போட்டுக்கொண்டு யோசித்தார். பிறகு இரண்டாவது ரேப் மெஷினைத் தூசு தட்டி எடுத்தார். அந்த மெஷினில் ரேப்பில் ஒலியைப் பதிகிற தலைக்கும் அதைத் திரும்பப் படிக்கிற தலைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. ஒலி அந்த இரண்டு விரல் தூரத்தைக் கடந்த பிறகே படிக்கட்டுக்குப் போகும். கண் இமைப்பதில் பாதி நேரம்.

"விளங்குதோ அக்கா? முதல் அம்மா வருவா. பிறகு வீடு வரும். ரெண்டும் ஒண்டா வந்தால் அம்மா வீட்டுக்குள்ளை தொலைஞ்சுபோவா."

வீட்டின் பங்கிலிருந்து கூர்மையையும் எடுத்துவிட்டார். தூரத்துச் சுவர் 'ச', 'ஸ' எல்லாவற்றையும் அப்படியே திருப்பித் தராது, மழுக்கித்தான் தரும். அடித்தொண்டைக் கனத்தையும் குறைத்தார். அருந்ததியைக் குசினிக்கு, அதாவது மூன்றாம் மாடித் திரைச்சீலைகளுக்கு நடுவே அனுப்பி, கதவைப் பாதி சாத்தி, "அம்மா, உப்பு எங்கை வைச்சனீங்கள்?" என்று கூப்பிட வைத்தார்.

திரும்பக் கேட்டபோது றஞ்சிதம் எழுந்து நின்றுவிட்டார். முட்டைத் தட்டுகளுக்கு நடுவில் நின்றபடி, தன் வீட்டைச் சுற்றுமுற்றும் பார்த்தார். "கூட்டிப் பெருக்கத்தான் கொஞ்சம் கஷ்டம்," என்றார்.

அந்தக் கசெற் ரொறன்ரோ போனது. அனுப்புகிறவர் விலாசத்தில் லொட்ஜ் என்று போட முடியாததால் ஹாஜியாரின் கட்டிட இலக்கத்தைப் போட்டார்கள். பிழை அங்கேதான் நடந்தது. எங்களவர்களுக்கு விலாசம் ஒன்று கையில் கிடைத்தால், அந்த விலாசத்துக்கு ஓர் ஆளை அனுப்பாமல் இருக்க முடியாது.

ஐப்பசியில் பதில் வந்தது. "வீடு நல்லாத்தான் கேக்குது அம்மா. இராசரத்தினம் மாமா கண் ஒப்பரேசனுக்குக் கொழும்பு வாறார். புதன்கிழமை மத்தியானம் வீட்டை வந்து பாத்திட்டு, பின்னேரம் எனக்குப் போன் கோல் எடுத்துச் சொல்லுவார். அவர் சொன்னால் நான் சோதினை எடுப்பன்."

இராசரத்தினம் ஓய்வுபெற்ற நில அளவையாளர். வடக்கில் அவர் அளக்காத வளவு கிடையாது. வேலிச் சண்டையில் அவர் சொல் வந்தால் இரண்டு பக்கத்தாரும் வேலிக் கதியாலைப் பிடுங்கிக்கொண்டு பின்வாங்குவார்கள்.

"முடிஞ்சுது," என்றார் றஞ்சிதம்.

"கண் எப்பிடி மனுசனுக்கு?" என்றார் இரத்தினசிங்கம்.

"ரெண்டு கண்ணிலையும் வெண்படலம். வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியுமாம். அதுக்குத்தானே ஒப்பரேசன்."

இரத்தினசிங்கம் மெல்ல மூக்குத் தூள் டப்பியைத் திறந்தார். "அப்ப என்ன அக்கா பயம்? ஆள் காதாலைதானே பாக்கப்போறார்."

புதன்கிழமை காலையிலேயே ஒலிப்பதிவு அறை ஹோலாகிவிட்டது. மேசை, நாலு கதிரை, மேசைக்கு மேலே கூரையிலிருந்து ஒரு மைக். நாலு மூலையிலும் சீலைக்குப் பின்னால் ஸ்பீக்கர்கள். மேசையில் யார் என்ன பேசினாலும் அது ரேப்பில் இரண்டு விரல் தூரம் காத்திருந்து, படிக்கட்டுக்குப் போய், வீடாகத் திரும்பி வரும்.

சரியாகப் பன்னிரண்டரைக்கு ஒரு மருமகன் கிழவரைக் கட்டிட வாசலில் விட்டுவிட்டுப் புறக்கோட்டைக்குப் போனான். அருந்ததி கைபிடித்து ஏற்றி வந்தாள். கறுப்புக் கண்ணாடி, நேரான முதுகு, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. ஒரு பையில் பனங்கிழங்கு ஒடியல் மா. கடலேரியை வள்ளத்தில் கடந்து, வவுனியாவில் பயணப் பாஸுக்கு மூன்று நாள் நின்று வந்த களைப்பு ஒரு துளியும் தெரியவில்லை.

"வாங்கோ அண்ணை, இருங்கோ," என்றார் றஞ்சிதம். வாங்கோ, இருங்கோ என்று வீடும் சொன்னது.

கிழவர் இருக்கவில்லை. தடியால் நிலத்தில் ஒருமுறை தட்டினார். தலையைச் சரித்துக் கேட்டார். இன்னொருமுறை தட்டினார்.

"நீளம் இருபத்தாறடி," என்றார். "அகலம் பதினாறு. உயரம் முப்பத்தேழரை."

அருந்ததி நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

"பழைய காலத்து வீடு ஐயா," என்றார் இரத்தினசிங்கம், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "அந்தக் காலத்திலை காத்தை மிச்சம் பிடிக்கமாட்டினம்."

"ம். நீர் ஆர்?"

"வீட்டு எலெக்ரிக் வேலை பாக்கிறனான்."

அது பொய்யல்ல. கிழவர் இருந்தார். றஞ்சிதம் காலையிலேயே நண்டும் பலாக்கொட்டையும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தார். எல்லாம் நன்றாகவே போனது. ஒரேயொரு முறை ஸ்பீக்கர் மெல்லக் கூவியபோது, "பக்கத்து வீட்டுக் கோழி" என்றாள் அருந்ததி. குகதாசனின் சின்ன வயதுக் குழப்படிகள் பேசப்பட்டன. வீடு ஒவ்வொன்றையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தன் பங்குக்கு ஏதோ சொன்னது. இரத்தினசிங்கம் சுவரில் சாய்ந்து நின்று, தன் வாழ்நாளிலேயே சிறந்த கலவை இதுதான் என்று எண்ணிக்கொண்டார்.

ஒன்று பத்துக்குக் கரண்ட் நின்றது.

விசிறி நின்றது பெரிதல்ல. வீடு நின்றுவிட்டது. ஹோல் ஒரே கணத்தில் சுருங்கி மேசை விளிம்புக்கு வந்தது. றஞ்சிதம் அடுத்த சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தவர், இரத்தினசிங்கம் காட்டிய கையைப் பார்த்து அப்படியே மூடிக்கொண்டார். அருந்ததிதான் கெட்டிக்காரி. கிழவரின் சிரட்டையில் பெரிய நண்டுக் காலொன்றை எடுத்துப் போட்டாள். நண்டுக் காலோடு மல்லுக்கட்டுகிறவர் அதை முடிக்காமல் பேசமாட்டார். கையில் இருந்தது மூன்று நிமிடம்.

இரத்தினசிங்கம் படிக்கட்டுக்கு ஓடினார். எந்தக் கரண்டும் இல்லாமல் எழுபத்திரண்டு படி அங்கே சும்மா கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் கணக்கு வந்துவிட்டது: எதிரொலி சொல்ல மூன்று படிக்கு ஓர் ஆள்.

சாப்பாட்டு நேரம். டைப்பிங் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், தையல் கடையில் நாலு பேர், புடைவைக் கடையில் ஆறு பேர். றோஸி மிஸ் இருபத்து மூன்று. கொட்டாஞ்சேனைத் தேவாலயப் பாடகர் குழுவில் இருபது வருடம் பாடியவர். ஒரே சொல்லில் விஷயத்தைப் பிடித்து, பிள்ளைகளைப் படிக்குப் படி நிறுத்தத் தொடங்கிவிட்டார். இருபத்து நாலாவது ஆள் ஹாஜியார்.

"சிங்கம், கடையில யாவாரம் நிண்டிரிக்கி," என்றார் மர்ஸூக் ஹாஜியார். "நான் வாடகைக்கு உட்டது ரூம். எக்கோ போட ஆளும் சேத்து உடல்ல."

"ஹாஜியார், ஒரு பிள்ளையின்ரை சோதினை."

ஹாஜியார் ஒரு பெருமூச்சு விட்டு, தொப்பியைச் சரிசெய்து, மிகக் கீழ்ப்படியில் போய் நின்றார். "எனக்கு முழங்கால் ஏலா. நான் கடைசி."

இரத்தினசிங்கம் தாழ்ந்த குரலில் கட்டளைகளைச் சொன்னார். முழுச் சொல்லைச் சொல்லக் கூடாது. சொல்லின் வாலை மட்டும் பிடிக்க வேண்டும். கேட்டதும் பாயக் கூடாது. அரை இமை பொறுக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனக்கு மேலே நிற்கிறவரைவிடப் பாதிச் சத்தம். பாதிக்குக் கீழே நிற்பவர்கள் உதட்டைக் குவித்து மழுக்கிச் சொல்ல வேண்டும். பல்லில் ஓசை படக் கூடாது. கதவை மூன்று விரல் அளவு திறந்து வைத்து உள்ளே போய்த் தலையாட்டினார்.

"கூழ் காணுமோ அண்ணை?" என்றார் றஞ்சிதம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

அண்ணை என்றது வாசல். ண்ணை என்றது மூன்றாம் மாடி. ணை, ணை என்று இறங்கி இறங்கி, ஹாஜியாரிடம் போய்ச் சேரும்போது அது வெறும் மூச்சாக இருந்தது.

கிழவர் நண்டுக் காலைக் கீழே வைத்தார். "காத்து மாறியிருக்குப்போல," என்றார். போல, போல, ல, ல.

பிறகு அவர் சோதிக்கத் தொடங்கினார். விரலைச் சொடுக்கினார், இருபத்து நாலு சொடுக்குகள் படியிறங்கின. தடியால் தட்டினார்; இருபத்து நாலு செருப்புகள் ஒன்றுக்கொன்று மெதுவாகத் தட்டின. கூழின் காரம் ஏறித் தும்மினார். இருபத்து நாலு தும்மல்கள், ஒன்றைவிட ஒன்று சிறிதாக, கீழே போய் மறைந்தன. இரத்தினசிங்கத்துக்குத் தன் படிக்கட்டில் முழு நம்பிக்கை. ஆனாலும் அந்தத் தும்மலின்போது ஒரு கை தன்பாட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டது.

இந்த நேரம் பார்த்து ரோந்துக்கு வந்த மூன்று ஆமிக்காரர் கடைக்குள் நுழைந்தார்கள். கடையில் ஒருவரும் இல்லை. பொப்ளின் துணிச் சுருள்கள் விரித்தபடி கிடந்தன. பின்பக்கப் படிக்கட்டில் இருபத்து நாலு பேர் வரிசையாக நின்று, சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மொகத மே?" என்றார் கோப்ரல். இது என்ன என்பது அதன் பொருள், நியாயமான கேள்வி.

ஹாஜியார் உதட்டில் விரல் வைத்தார். மேலே கண் தெரியாத ஒரு பெரியவர், ஒரு தாய், வெளிநாட்டில் ஒரு மகன், இல்லாத ஒரு வீடு என்று சிங்களத்தில் கிசுகிசுத்து முடித்தார். நடுவில் இரண்டுமுறை தன் முறை வந்தபோது நிறுத்தி, வாலைப் பிடித்துவிட்டுத் தொடர்ந்தார். கோப்ரல் குருணாகல் பக்கத்து ஆள். ஒன்றேயொன்றுதான் கேட்டார்: மகன் சோதினை எழுதுவானா?

இது ஒழுங்காக நடந்தால் எழுதுவான் என்றார் ஹாஜியார்.

கோப்ரல் மற்ற இருவரையும் வாசலில் நிற்கச் சொன்னார். துவக்கைப் பொப்ளின் சுருளில் சாய்த்து வைத்துவிட்டு, ஹாஜியாருக்கு ஒரு படி கீழே, தரையில், இருபத்தைந்தாவது ஆளாக வந்து நின்றார்.

மேலே றஞ்சிதத்துக்குத் தைரியம் வந்திருந்தது. "குகன் கெட்டிக்காரன் அண்ணை. சோதினை எடுத்தானெண்டால் பாஸ்தான்," என்றார். தான், தான், தான் என்று அது இறங்கியது. தரையில் கோப்ரல் அதைப் பக்குவமாக வாங்கி, தன் பங்குக்கு 'தாங்' என்று முடித்து வைத்தார்.

கிழவர் தலையை நிமிர்த்தினார். "உங்கடை வீட்டு எக்கோ சிங்களத்திலை முடியுது."

"கொழும்பு வீடு ஐயா," என்றார் இரத்தினசிங்கம். "கடைசிக் கொஞ்சம் அப்பிடித்தான் முடியும்."

அந்த நொடியில் கரண்ட் வந்தது. இப்போது ரேப்பும் ஓடியது, ஆட்களும் நின்றார்கள். படிக்கட்டு மைக் இருபத்தைந்து பேரையும் அள்ளி ஸ்பீக்கரில் கொட்ட, அது படிக்கட்டில் போய் மோதித் திரும்ப, திரும்பியதை இருபத்தைந்து பேரும் கடமை தவறாமல் மறுபடி சொல்ல, ஹோல் காலி வீதியைத் தாண்டிக் கிருலப்பனைப் பக்கமாக நீண்டுகொண்டே போனது.

கிழவர் பொறுமையாகக் கேட்டிருந்தார். "இப்ப என்ன," என்றார், "பக்கத்து வளவையும் வாங்கியாச்சோ?"

அருந்ததி பிளக்கை இழுத்துவிட்டாள்.

கிழவர் கை கழுவி, நன்றி சொல்லி, தடியை எடுத்தார். அவர் வருகிறார் என்று கண்டதும் படியில் நின்ற எல்லோரும் மூச்சை அடக்கிச் சுவரோடு ஒட்டினார்கள். இராசரத்தினம் நேரான முதுகோடு இறங்கினார். மூன்று படிக்கு ஒருமுறை, யாருக்கென்றில்லாமல், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். தரையில் சப்பாத்து அசைந்த இடத்தில் மட்டும் "பொஹொம ஸ்துதி, மஹத்தயா" என்று சிங்களத்தில் நன்றி சொன்னார்.

பின்னால் இறங்கி வந்த இரத்தினசிங்கத்தின் காலில் முதன்முறையாக அந்த எழுபத்திரண்டு படியும் கனத்தன.

பின்னேரம் ஆறு மணிக்குக் காலி வீதியில், வெளிநாட்டுக்குப் போன் எடுக்கும் கொமியூனிகேஷன் ஒன்றில் கிழவர் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று ரொறன்ரோவுக்குக் கோல் எடுத்தார். கூடு சத்தத்தை வெளியே விடாது. ஆனால் கதவு சரியாகச் சாத்தாது. வெளியே இரத்தினசிங்கத்துக்குப் பக்கத்தில் றஞ்சிதம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார். காலையிலிருந்து அவர் ஒரு மிடறு தண்ணீரும் குடித்திருக்கவில்லை.

"ஓம் குகன், போனனான்," என்றார் கிழவர். "ஓம், அளந்தனான். நீளம் இருபத்தாறு... சொல்லுறன், பொறு. பெரிய வீடு. கொழும்பிலை அவ்வளவு பெரிய வீடு நான் காணேல்லை. உன்ரை கொம்மா ஒரு சொல்லுச் சொன்னால் இருபத்தைஞ்சு பேர் திருப்பிச் சொல்லுகினம்... ஓமடா, இருபத்தைஞ்சு. அதிலை ஒராள் ஆமி... இல்லையில்லை, பிடிக்க வரேல்லை. துவக்கைத் தள்ளி வைச்சிட்டு நிண்டவன்... நீ ஏன் அழுகிறாய்? போய்ப் படி."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். றஞ்சிதம் இரண்டு கையையும் கூப்பினார். அங்கே ஒரு வீடும் அவருக்காகப் பேச இல்லை.

"பிள்ளை, நாளைக்கு ஒப்பரேசன் முடிஞ்சு நான் கண்ணாலை பாக்க வரமாட்டன்," என்றார் கிழவர் அவரிடம். "பாத்த மட்டிலை காணும்."

இரத்தினசிங்கத்தால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, தொழில் முறையிலை கேக்கிறன். எந்த இடத்திலை பிழைச்சது?"

"எழுபத்திரண்டு படி ஏறி வந்தனான். படியொண்டு ஆறேகால் அங்குலம். பெருக்கிப் பாரும், முப்பத்தேழரை அடி. உம்மடை ஹோல் படிக்கட்டை விழுங்கியிருந்தது." கிழவர் நடக்கத் தொடங்கினார். "மற்றது அந்தத் தும்மல். சுவர் தும்மலாம், அதிலை பிழையில்லை. தும்மினாப் பிறகு மூக்கை உறிஞ்சக்கூடாது."

அது புடைவைக் கடை ஆறு பேரில் ஒருவன். இரத்தினசிங்கம் அவனை ஒரு மாதம் வரை படியில் கண்டால் முகம் கொடுக்கவில்லை.

குகதாசன் கார்த்திகையில் சோதினை எடுத்தான். பாஸ் பண்ணினான். மாசி மாதம் வந்த கசெற்றை றஞ்சிதம் முதலில் நாலாம் மாடிக்குத்தான் கொண்டுவந்தார். வேலை கிடைத்துவிட்டது, உங்கள் இருவருக்கும் ஸ்பொன்சர் கடுதாசி போட்டுவிட்டேன் என்று பையன் சொல்லிக்கொண்டு போனான். இரத்தினசிங்கம் கண்ணை மூடிக் கேட்டார். பொயிலர் இல்லை. பின்னால் மூச்சு விடுவார் எவருமில்லை. கூரை மேலே போயிருந்தது. குரலுக்கு இடப்பக்கம், நாலடி தள்ளி, உண்மையிலேயே ஒரு ஜன்னல். பனிக்காலமாகையால் சாத்தியிருந்தது.

"எப்பிடித் தம்பி, நல்ல இடமோ?" என்றார் றஞ்சிதம்.

"நல்ல இடம் அக்கா," என்றார் இரத்தினசிங்கம். "ஒண்டும் கூட்டத் தேவையில்லை."

மர்ஸூக் ஹாஜியாரின் கட்டிடம் இன்றும் அதே ஒழுங்கையில் நிற்கிறது. கட்டிய நாள் தொட்டு அதற்கு மாடியும் கிடையாது, படியும் கிடையாது.